மூன்றில் ஒரு பங்கை ஊர் போட்டால்... குளத்துக்கு நிதி கேட்கும் வழி!

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையைத் தூத்துக்குடி மாவட்ட விவசாயிகள் அவ்வளவு எளிதில் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர். அந்த மாவட்டத்தில் சாதாரணமாக ஓர் ஆண்டு முழுக்கப் பெய்யும் மழையைவிட இது அதிகம். ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் திருச்செந்தூர் ரயில் நின்றுபோய், சுமார் 800 பயணிகள் வெள்ளத்துக்கு நடுவே மாட்டிக்கொண்டது நாடு முழுக்கச் செய்தியானது. கோரம்பள்ளம் குளம் உடைந்து தண்ணீர் நகரத்துப் பக்கம் பாய்ந்ததும் செய்தியானது. செய்தியில் வராமல் போனவை சின்னக் குளங்கள். கரை கரைந்தது, மடைத்தூம்பு பெயர்ந்தது, மறுகால் சுவர் விழுந்தது என்று ஒவ்வோர் ஊரிலும் ஒரு கதை.

பெரிய குளங்களுக்கு அரசே ஓடி வரும். சின்னக் குளத்தில் மணல் மூட்டை அடுக்கி அடைத்த உடைப்பு, அடுத்த ஐப்பசி, கார்த்திகையைத் தாங்குமா? தாங்கவில்லை என்றால் அந்த வருடப் பிசானம் போச்சு. வாழை நட்டவருக்கு அத்தனை மாத உழைப்பும் போச்சு. ‘எங்க ஊர்க் குளத்து மடையைச் சரிபண்ணப் பணம் எங்க கிடைக்கும்? யார்கிட்ட மனு கொடுக்கணும்?’ என்ற கேள்வி, விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டங்களில் மாதம் தவறாமல் எழுவது இதனால்தான்.

பணம் இருக்கிறது. ஒரே இடத்தில் இல்லை, நான்கைந்து இடங்களில் சிதறிக் கிடக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனிக் கதவு, தனி விதி. பல மனுக்கள் ‘பரிசீலிக்கப்படும்’ என்ற ஒற்றை வரிப் பதிலோடு முடிந்துபோவதற்கு முக்கியக் காரணம், அவை தப்பான கதவைத் தட்டியதுதான்.

குளம் யார் கணக்கில் இருக்கிறது?

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இது. தமிழ்நாட்டில் பொதுவாக, 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள குளங்கள் நீர்வளத் துறையின் பொறுப்பு. 2021 வரை இது பொதுப்பணித் துறையாக இருந்ததால் ஊர்க்காரர்கள் இன்றும் ‘பி.டபிள்யூ.டி. குளம்’ என்றே சொல்கிறார்கள். அதற்குக் குறைந்த ஆயக்கட்டு உள்ளவை ஊராட்சி ஒன்றியக் குளங்கள். குடிநீர் ஊருணிகளும் குட்டைகளும் ஊராட்சியின் கையில் இருக்கும்.

ஆற்றுப் பாசனத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். தாமிரபரணியின் கடைசித் தடுப்பான ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டிலிருந்து பிரியும் வடகால், தென்கால் இரண்டும் 53 குளங்களுக்குத் தண்ணீர் கொடுக்கின்றன. இப்படிக் கால்வாயோடு கோத்த குளங்களுக்கு நீர்வளத் துறைப் பொறியாளரிடம்தான் போக வேண்டும். அவருடைய சம்மதம் இல்லாமல் மடையில் ஒரு செங்கல்லைக்கூட மாற்ற முடியாது. விளாத்திகுளம், புதூர், ஓட்டப்பிடாரம் பக்கத்து மானாவாரிக் கண்மாய்களில் நிலைமை ஊருக்கு ஊர் மாறும்.

‘அண்ணாச்சி, இது எங்க குளம் இல்லியே’ என்று ஒன்றிய அலுவலகத்தில் கைவிரிப்பதைக் கேட்டுத் திரும்பி வருவதைவிட, கிராம நிர்வாக அலுவலரிடம் முதலிலேயே அ-பதிவேட்டைப் பார்த்துவிடுவது நல்லது. புல எண், பரப்பு, வகைப்பாடு எல்லாம் அதில் இருக்கும். புலப்பட நகல் ஒன்றும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். கரையில் ஆக்கிரமிப்பு இருந்தால் அதுவும் அப்போதே தெரிந்துவிடும். வேலை தொடங்கிய பிறகு தெரிந்தால் வழக்கு, தடை என்று ஒரு மழைக்காலம் வீணாகும்.

நமக்கு நாமே: கணக்கு எப்படி?

குளம் ஊராட்சி ஒன்றியத்துடையது என்றால், முதலில் பார்க்க வேண்டியது ‘நமக்கு நாமே’ திட்டம். கலைஞர் கருணாநிதி முதல்வராக இருந்த 1990-களின் பிற்பகுதியில் தொடங்கியது. 2011-க்குப் பிறகு ‘தன்னிறைவுத் திட்டம்’ என்ற பெயரில் நடந்தது. 2021-ல் பழைய பெயரிலேயே திரும்பி வந்தது. பெயர் மாறினாலும் அடிப்படை மாறவில்லை. வேலையின் மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் தர வேண்டும், மீதியை அரசு போடும்.

முத்துக்குளித்துறைக்காரர்களுக்கு இந்தப் பங்குக் கணக்கு புதிதல்ல. ஆங்கிலேயர் காலத்து முத்துக்குளிப்பில், கடலுக்குள் மூச்சடக்கி இறங்கியவருக்கு மூன்றில் ஒரு பங்குச் சிப்பி, சர்க்காருக்கு இரண்டு பங்கு. 1961-ல் தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு நடந்ததோடு அது முடிந்தது. இங்கே அதே பங்கு திசை மாறி வருகிறது. ஒரு பங்கைக் கொடுத்து இரண்டு பங்கை வாங்கிக்கொள்ளலாம்.

80 ஏக்கர் ஆயக்கட்டு உள்ள ஒரு குளத்தை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். கரையை உயர்த்தி, இரண்டு மடையைக் கட்டி, மறுகாலைச் சரிசெய்ய 9 லட்சம் ரூபாய் ஆகும் என்று வைத்துக்கொண்டால், ஊர்ப் பங்கு 3 லட்சம். ஏக்கருக்கு 3,750 ரூபாய். ஒரே தவணையில் கேட்டால் அரை ஏக்கர்க்காரர் திகைத்துத்தான் போவார். ஆனால், 6 லட்சம் வெளியிலிருந்து வருகிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால் பேச்சு வேறு மாதிரி நடக்கும்.

இந்தத் திட்டத்தில் பலர் கவனிக்காத ஒரு விதி உண்டு. மக்கள் பங்களிப்பு 50 சதவிகிதம் அல்லது அதற்கு மேல் இருந்தால், பங்களித்தவர்களே அந்த வேலையை எடுத்துச் செய்யலாம். அதற்குக் கீழே என்றால் டெண்டர்தான். கான்ட்ராக்டர் வேலையின் தரத்தில் நம்பிக்கை இல்லாத ஊர், இன்னும் கொஞ்சம் சேர்த்துப் பாதிப் பங்கைப் போட்டுத் தானே செய்துகொள்வதைப் பற்றி யோசிக்கலாம். மேலே சொன்ன கணக்கில் அது 4.5 லட்சம்.

குடிமராமத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. 2017 மார்ச்சில் காஞ்சிபுரம் மாவட்டம் மணிமங்கலத்தில் தொடங்கிவைக்கப்பட்ட குடிமராமத்துப் பணிகளில், பாசனதாரர் பங்கு 10 சதவிகிதம்தான். அதை உடலுழைப்பாகவும் கொடுக்கலாம் என்று இருந்தது. நமக்கு நாமே திட்டத்தில் பங்கைப் பணமாகக் கட்ட வேண்டும். வரைவோலை கைக்குப் போன பிறகுதான் நிர்வாக அனுமதி வரும். அதனால் ‘அனுமதி வரட்டும், அப்புறம் வசூலிக்கலாம்’ என்று காத்திருக்கும் ஊர் காத்துக்கொண்டே இருக்கும். ஒவ்வோர் ஆண்டும் அரசு ஒதுக்கும் தொகைக்கு ஓர் அளவு உண்டு. முந்தியவருக்குத்தான் முதல் வாய்ப்பு.

அந்த ஒரு பங்குக்கு எங்கே போவது?

திட்டத்தின் உண்மையான சிக்கல் இங்கேதான் இருக்கிறது. மும்பையிலும் துபாயிலும் கடை வைத்திருக்கும் பிள்ளைகள் உள்ள ஊர், ஒரு வாட்ஸ்அப் குழுவிலேயே பங்கைத் திரட்டிவிடும். கூலிக்குப் போகும் குடும்பங்கள் மட்டும் இருக்கும் ஊரில் பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவருக்குக்கூட பங்கு சேராது. தேவை அதிகமுள்ள இடத்துக்கே பணம் குறைவாகப் போகும் ஏற்பாடு இது என்ற விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது. அப்படிப்பட்ட ஊர்கள் முதலில் நாட வேண்டியது எம்.பி., எம்.எல்.ஏ. தொகுதி நிதியை. எம்.பி. ஒருவருக்கு ஆண்டுக்கு 5 கோடி, எம்.எல்.ஏ-வுக்கு 3 கோடி ரூபாய் இருக்கிறது. எம்.பி. நிதியில் குறைந்தது 15 சதவிகிதத்தைப் பட்டியல் சாதியினர் வசிக்கும் பகுதிகளுக்கு ஒதுக்க வேண்டும் என்பது விதி. இதை மனுவிலேயே குறிப்பிட்டுக் கேட்கலாம். இந்த நிதியில் ஊர் எதுவும் போட வேண்டியதில்லை.

ஓரளவு வருமானம் உள்ள ஊர்களுக்கு வழி இந்த மண்ணிலேயே இருக்கிறது. தென்மாவட்ட வியாபாரிகள் ‘மகமை’ என்று ஒன்று வைத்திருந்தார்கள். மூட்டைக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு என்று விற்பனையில் ஒரு சிறு தொகையைப் பொதுவில் எடுத்துவைப்பது. அதில்தான் பள்ளிக்கூடங்கள் எழும்பின. கையிலிருந்து பணம் கேட்டால் கசக்கும், விற்ற பணத்தில் கழித்தால் தெரியாது என்பதுதான் அதன் சூட்சுமம். வாழைக்கும் அதையே செய்யலாம். ஏக்கருக்கு 900 வாழை என்று வைத்தால், தாருக்கு 2 ரூபாய் எடுத்தாலே ஏக்கருக்கு 1,800 ரூபாய். 80 ஏக்கரில் பாதி வாழை என்றாலும் ஓர் அறுவடைக்கு 72,000 ரூபாய் சேரும். நெல்லுக்கு மூட்டைக் கணக்கு. நான்கு அறுவடையில் ஊர்ப் பங்கு கிட்டத்தட்ட முழுசாகக் கையில் இருக்கும்.

மதிப்பீட்டைக் குறைக்கவும் ஒரு வழி உண்டு. தூர்வாரும் செலவை ஏன் மதிப்பீட்டில் ஏற்ற வேண்டும்? விவசாயத்துக்கு வண்டல் மண்ணை இலவசமாக அள்ளிக்கொள்ள, 2024 முதல் வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி கிடைக்கிறது. நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு 90 கன மீட்டர். அனுமதிக்கப்பட்ட குளங்களின் பட்டியலில் தங்கள் குளம் இருக்கிறதா என்று பார்த்து, இல்லை என்றால் சேர்க்கச் சொல்லி மனு கொடுக்க வேண்டும். விவசாயிகள் தாங்களே டிராக்டரில் அள்ளிப் போனால் வயலுக்கு உரம், குளத்துக்கு ஆழம். மதிப்பீட்டில் மடையும் மறுகாலும் கரையும் மட்டும் நின்றால் ஊர்ப் பங்கும் இறங்கும்.

துறைமுகமும் கம்பெனிகளும்

அந்த மூன்றில் ஒரு பங்கை ஊர்தான் தர வேண்டும் என்று இல்லை. தனி ஆளோ, அமைப்போ, நிறுவனமோ தரலாம். ஒரு கம்பெனி 3 லட்சம் கொடுத்தால், அரசு 6 லட்சம் சேர்க்கும். கம்பெனிக்கும் தன் பணம் மூன்று மடங்கு வேலையாக மாறுவது பிடிக்கும். கேட்கும்போது இதை முதல் வரியிலேயே சொல்லலாம்.

2013-ம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவு, சமூகப் பொறுப்பு நிதியைக் கட்டாயமாக்கியது. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ரூபாய், இந்த மூன்றில் ஏதாவது ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவிகிதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தொழிற்சாலை இருக்கும் சுற்றுவட்டாரத்துக்கு முன்னுரிமை தரச் சொல்லியும் சட்டத்தில் இருக்கிறது. ஊரகப் பணி, மண் வளம், நீர் வளம் காப்பது, பேரிடர் மேலாண்மை எல்லாம் அனுமதிக்கப்பட்ட தலைப்புகள். அதனால் குளத்து வேலைக்குக் கேட்பதில் தயக்கம் வேண்டாம். எந்த வேலைக்குப் பணம் தருகிறார்கள் என்பதை நிறுவனம் தன் இணையதளத்தில் போட்டாக வேண்டும். ஊரில் படித்த பிள்ளைகளிடம் சொன்னால் பத்து நிமிடத்தில் எடுத்துக் கொடுப்பார்கள். பள்ளிக்கூடத்துக்கு மட்டும் தரும் நிறுவனத்திடம் மடைக்குக் கேட்டுப் பயனில்லை.

வ.உ.சிதம்பரனார் துறைமுகம் தனிச் சட்டத்தில் வருகிறது. பெரிய துறைமுகங்களின் சமூகப் பணிக்காக மத்திய அரசு 2023 மே மாதம் ‘சாகர் சமாஜிக் சஹயோக்’ என்ற வழிகாட்டு நெறியை வெளியிட்டது. ஆண்டு லாபம் 100 கோடி வரை இருக்கும் துறைமுகம் அதில் 3 முதல் 5 சதவிகிதமும், 100 முதல் 500 கோடி வரை என்றால் 2 முதல் 3 சதவிகிதமும், அதற்கு மேல் என்றால் 0.5 முதல் 2 சதவிகிதமும் செலவிடலாம். அந்த நிதியில் 78 சதவிகிதம் மக்கள் பணிக்கு. குடிநீர், கல்வி, தொழிற்பயிற்சி, சூரிய மின்சாரம், சமுதாயக் கூடம் போன்றவை அந்தப் பட்டியலில் இருக்கின்றன. குடிநீர் என்ற சொல் அங்கே இருப்பதால், துறைமுகத்தைச் சுற்றியுள்ள ஊர்கள் பாசனக் குளத்தைவிடக் குடிநீர் ஊருணிக்குக் கேட்பதே பொருத்தம். உப்புக் காற்றும் உவர்நீரும் உள்ள கடற்கரை ஊர்களுக்கு அதுதான் முதல் தேவையும்கூட.

கம்பெனிப் பணம் நேராக ஊர்க் கமிட்டியின் கைக்கு வராது. அதை வாங்கிச் செலவு செய்யும் அறக்கட்டளையோ சங்கமோ வருமான வரித் துறையில் 12ஏ, 80ஜி பதிவு வைத்திருக்க வேண்டும். சி.எஸ்.ஆர்-1 பதிவும் மூன்று வருட அனுபவமும் வேண்டும். நேற்றுத் தொடங்கிய சங்கத்துக்கு இது நடக்காத காரியம். ஏற்கெனவே பதிவுள்ள தொண்டு நிறுவனத்தோடு சேர்வது ஒரு வழி. நமக்கு நாமே பங்காக மாவட்ட நிர்வாகத்திடம் கட்டச் சொல்வது இன்னொரு வழி. இரண்டாவதில் ஊருக்குத் தலைவலி குறைவு. ‘சி.எஸ்.ஆர். பணம் வாங்கித் தருகிறேன், முன்பணம் 10,000 கொடுங்க’ என்று பையோடு வருபவரை வாசலிலேயே திருப்பி அனுப்ப வேண்டும். இந்த நிதிக்கு விண்ணப்பக் கட்டணமே கிடையாது.

எப்போது, எதைக் கையில் வைத்துக்கொண்டு?

கம்பெனிகளுக்கு நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. எந்த வேலைக்கு எவ்வளவு என்பதை ஆண்டின் முதல் சில மாதங்களிலேயே முடிவு செய்துவிடுவார்கள். பொங்கல் முடிந்து போய்க் கேட்டால் பெரும்பாலும் பணம் பங்கு பிரிந்திருக்கும். குளத்துக்கும் அதே கணக்குதான். தண்ணீர் வற்றும் கோடையில்தான் மடையில் கை வைக்க முடியும். அந்தக் கோடையில் வேலை நடக்க வேண்டும் என்றால், முந்தைய ஆண்டே மதிப்பீடு தயாராகியிருக்க வேண்டும்.

தொடக்கம் கிராம சபையில். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. ஊராட்சித் தலைவர் இருந்தாலும் தனி அலுவலர் இருந்தாலும் தீர்மானம் தீர்மானம்தான். ‘குளத்தைச் சீரமைக்கத் தீர்மானிக்கப்பட்டது’ என்று மொட்டையாக எழுதினால் அதற்கு மதிப்பில்லை. எந்தக் குளம், புல எண் என்ன, எந்த மடை, எத்தனை ஏக்கர், எத்தனை குடும்பம், எந்தத் திட்டத்தில் கேட்கிறோம் என்பதெல்லாம் பதிவேட்டில் ஏற வேண்டும். அடுத்து ஒன்றியப் பொறியாளரை அழைத்து வந்து இடத்தைக் காட்டி மதிப்பீடு வாங்க வேண்டும். அவர் வரும் நாளில் வயதான நீர்பாய்ச்சி ஒருவர் கூட இருந்தால் நல்லது. எந்த மடையில் ஊற்று எடுக்கும், எந்த இடத்தில் கரை இறங்கும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

உடைப்பு ஏற்பட்ட நாளில் எடுத்த படங்களை அழித்துவிடக் கூடாது. தேதி தெரியும் படங்கள், பயிர்ச் சேத நிவாரணப் பட்டியலின் நகல், ஆயக்கட்டு விவசாயிகளின் கையெழுத்துப் பட்டியல் ஆகிய மூன்றும் இருந்தால் மனுவுக்குக் கனம் கூடும்.

கடற்கரையிலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. தூத்துக்குடிக்கு எதிரே கடலரிப்பில் கரைந்துகொண்டிருந்த வான் தீவைக் காப்பாற்றச் செயற்கைப் பவளத்திட்டுகள் இறக்கப்பட்டன. காலநிலை மாற்றத்துக்கான தேசிய தகவமைப்பு நிதியிலிருந்து நபார்டு வழியாக அதற்குப் பணம் வந்தது. தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம், அந்தத் தீவுகளைப் பல ஆண்டுகளாக அளந்து பதிவு செய்து வைத்திருந்தது. தீவு எவ்வளவு தேய்ந்தது என்று காட்டக் கையில் கணக்கு இருந்தது. ஊர்க் குளத்துக்கு அவ்வளவு பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. ஆண்டுதோறும் குளம் எந்தத் தேதியில் நிரம்பியது, எந்தத் தேதியில் வற்றியது, எத்தனை ஏக்கர் விளைந்தது என்று ஒரு நோட்டில் எழுதிவந்தாலே போதும். ஐந்து வருட நோட்டு ஒன்று, பத்துப் பக்க மனுவைவிட அதிகம் பேசும்.

மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகத்தில் உலகச் சுற்றுச்சூழல் நிதியின் உதவியோடு 2002-ல் தொடங்கிய திட்டத்தில், கடலோரக் கிராமங்களில் சூழல் மேம்பாட்டுக் குழுக்கள் அமைந்தன. அவற்றுக்குக் கொடுத்த விதைப் பணத்தைப் பெண்களின் சுய உதவிக் குழுக்களுக்குச் சுழற்சியில் கடனாக விட்டார்கள். இப்படிச் சுழலும் பணம், கணக்கு நோட்டு சரியாக இருக்கும் இடத்தில்தான் வளரும். மகமை போல ஊர்ப் பங்கு திரட்டும் குழுவும் இரண்டு பேர் கையெழுத்தில் இயங்கும் வங்கிக் கணக்கு, ரசீதுப் புத்தகம், ஆண்டுக்கு ஒரு முறை ஊர்க் கூட்டத்தில் வரவு செலவு வாசிப்பு என்று வைத்துக்கொள்ள வேண்டும். வசூலித்த பணத்தைப் பற்றி ஒரு முறை சந்தேகம் வந்தால், அடுத்த பத்து வருடத்துக்கு அந்த ஊரில் யாரும் பை நீட்ட மாட்டார்கள்.

மனுவைத் திங்கள்கிழமைக் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்தால் எண்ணோடு ரசீது தருவார்கள். அதைத் தொலைக்கக் கூடாது. மாதங்கள் கடந்தும் பதில் இல்லை என்றால், 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். ‘என் மனு யார் மேசையில் இருக்கிறது, என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது’ என்று கேட்டால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். வேலை முடிந்த பிறகும் அதே சட்டத்தில் மதிப்பீட்டின் நகலையும் ‘எம்-புக்’ எனும் அளவுப் புத்தகத்தின் நகலையும் வாங்கலாம். மதிப்பீட்டில் மடைக்கு எத்தனை மூட்டை சிமென்ட், கரைக்கு எத்தனை கன மீட்டர் மண் என்று எழுதியிருக்கிறது, எம்-புக்கில் எவ்வளவு பதிந்திருக்கிறது, கரையில் எவ்வளவு தெரிகிறது என்று மூன்றையும் வைத்துப் பார்க்க ஒரு டேப்பும் இரண்டு ஆளும் போதும். கடைசிப் பில் பட்டுவாடா ஆவதற்கு முன்னால் பார்த்துவிட வேண்டும்.